செயலாளரின் ஆண்டறிக்கை: ஓடைகளில் கூனி இறால் பதிவு, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வழமையான கூட்டங்களும் மரநடுகையும் குறையின்றி நடந்தன. இவ்வருடம் மன்றத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, ஓடைகளில் வாழும் சின்னஞ்சிறு நன்னீர் இறாலான கூனி எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பதியும் வேலைதான். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இலங்கை மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் வாழும் ஒரு கூனி இறால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம். விலங்கியலாளர் ஓர்ட்மான் 1894இல் அதற்குக் காரிடினா சிங்கலென்சிஸ் என்று பெயரிட்டார். 15 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிர்ந்த நீரில், ஒரே ஓடையின் சுமார் 10 கிலோமீற்றர் நீளத்துக்குள் மட்டும் அறியப்பட்டிருக்கிறது. 1962இல் ஆய்வாளர்கள் அருட்பிரகாசமும் கொஸ்தாவும் இந்நாட்டிலிருந்து காரிடினா பெர்னாண்டோய் உள்ளிட்ட இனங்களை விபரித்தார்கள். அதே சமவெளியில் பிறக்கும் ஆக்ரா ஓயா நம் அக்கரப்பத்தனைத் தோட்டங்களைத் தாண்டிக் கொத்மலை ஓயாவோடு மகாவலிக்குப் போகிறது. அப்படியிருக்க, நம் வாசலில் ஓடும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நாம் எழுதி வைக்காதது பெரிய குறை. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் வலை வைக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதால் அதன் எல்லைக்கு வெளியே மட்டும் வேலை செய்தோம்.

கரைப்புல் தண்ணீரில் தொங்கும் இடத்தில் கைவலையை அடியிலிருந்து மெல்லத் தூக்கினால், குப்பையோடு கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று துள்ளும். வெள்ளைப் பேசினில் விட்டுக் கைவில்லையால் பார்த்தோம். முன் இரு சோடிக் கால்களின் நுனியில் மயிர்க்கற்றை இருந்தால் காரிடினாவும் அதன் உறவுச் சாதிகளும் அடங்கிய குடும்பம். அந்தத் தூரிகையால்தான் கல்லில் படிந்த பாசியை வழித்து உண்கிறது. இரண்டாம் சோடிக் கால் நீண்டு இடுக்கியாக இருந்தால் மக்ரோபிராக்கியம் என்ற வேறொரு நன்னீர் இறால் சாதி. இவ்வளவும் ஓடைக்கரையிலேயே தெரிந்துவிடும். இனத்தைப் பிரிக்க நெற்றி முள்ளின் நீளத்தையும் அதன் மேலும் கீழுமுள்ள பற்களையும் நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். ஆகவே படிவத்தில் இனப்பெயர் இல்லாமல் ‘காரிடினா வகை’ என்றே எழுதினோம். நிறத்தை வைத்து இனப்பெயர் போடுவதை ஏற்கவில்லை. ஒரே இறால் இருண்ட கல்லில் ஒரு நிறம், வெள்ளைப் பேசினில் வேறு நிறம்.

சினை இறால் அகப்பட்டால் முட்டையைப் பார்த்துக் குறித்துவிட்டு உடனே விட்டோம். முட்டை பெரிதாகவும் கொஞ்சமாகவும் இருந்தால் குஞ்சு அந்த ஓடையிலேயே வளரும். பொடியாகவும் ஏராளமாகவும் இருந்தால் குடம்பி (முட்டையிலிருந்து வரும் இளம்பருவம்) உவர்நீர் தேடிக் கீழே போகும் இனமாக இருக்கலாம். முதல் வகை ஓர் ஓடையில் அழிந்தால் கடல்வழி திரும்பி வர வழியில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்காமாரின் உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். “மழை விட்ட மறுநாளே வராதீங்க தம்பி, தண்ணி தெளியட்டும்” என்றவரின் சொல்லைத்தான் எங்கள் நடைமுறையாக்கினோம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைகளில் முன்பு கூனி அள்ளிய இடங்களையும் அவர்களே காட்டினார்கள். அவற்றில் சிலவற்றில் இன்று ஒன்றும் இல்லை. மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து வழிந்து வந்தால் இறால் வகைகள் மிக எளிதில் மடியும். மேலே வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட ட்ரவுட் மீனும் இவற்றைத் தின்னும். நம் ஓடைகளில் எது காரணம் என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

அதனால் என் வற்புறுத்தல் ஒன்றுதான்: தேடியும் கிடைக்காத இடத்தையும் எழுதுங்கள். சிலர் வெறும் படிவம் எதற்கென்று கொடுக்காமலே விட்டார்கள். திகதி, இடம், உயரம், தண்ணீரின் வெப்பநிலை, எவ்வளவு நேரம் தேடினோம் என்பவற்றோடு ‘இல்லை’ என்று எழுதினால்தான் பரம்பல் வரைபடத்துக்கு எல்லை கிடைக்கும். நாளை அங்கு ஒன்று தோன்றினாலும், இருக்குமிடத்தில் மறைந்தாலும் அப்போதுதான் தெரியும்.

வரும் வருடம் வறட்சி மாதங்களில் அதே இடங்களுக்கு மறுபடி போக நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. இரண்டு வெப்பமானிகள் வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன். புதிய படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன.

செயலாளர்