முகத்துவாரம் போகும் படகுகள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். நாளை அமாவாசை, நீர் வற்றும்போது வழக்கத்தைவிட இன்னும் இறங்கும். மணல்திட்டு போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆழம் குறைந்ததும் வேகத்தைக் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கி வையுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் துளை மட்டும் வெளியே வந்துவிடக் கூடாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றால் உடனே அணையுங்கள். முழங்காலளவு என்றால் எஞ்சினை முழுக்கத் தூக்கிவிட்டுக் கோலால் தள்ளுவதே மேல். அவமானம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஷியர் பின், அதாவது எஞ்சின் காத்தாடியை (புரொப்பல்லர்) அதன் தண்டோடு பிணைக்கும் சின்னக் கம்பி. சின்ன எஞ்சின்களில் அது உடைவதற்கென்றே வைத்தது. காத்தாடி எதிலாவது மோதினால் பின் முறியும், கியர் பிழைத்துக்கொள்ளும். ஒருமுறை அவசரத்துக்கு அந்த இடத்தில் இரும்பு ஆணியைச் செருகி ஓட்டினேன். அடுத்த சிப்பித்திட்டில் ஆணி அப்படியே இருந்தது, கியர் பல் நொறுங்கிவிட்டது. அதற்கான சரியான பின் இரண்டும் ஒரு குறடும் எப்போதும் படகில் இருக்கட்டும். நண்டு வலைக் கயிறு சுற்றினால் எஞ்சினை அணைத்த பிறகே கையை வையுங்கள்.

ஷியர் பின் வேண்டியவர்கள் எஞ்சின் மாடலைக் குழுவில் போடுங்கள், சனிக்கிழமை சேர்த்து வாங்கி வருகிறேன்.