நின்ற லாரி மீது மோதல்னு எழுதுறத கொஞ்சம் யோசிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"சாலையோரம் நின்ற லாரி மீது பைக் மோதல்"னு அடிக்கடி ஒரு செய்தி பேப்பர்ல வருது. போன வருஷம் வரைக்கும் நானும் அத படிச்சிட்டு, பாவம் வேகமா வந்திருப்பான்னு நெனச்சு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவேன். நின்ன வண்டி என்ன பண்ணும், ஓடுற வண்டி மேலதான தப்பு இருக்கும்னு மனசு தானா முடிவு பண்ணிடும். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு நடந்ததுக்கு அப்புறம்தான் அந்த எண்ணம் எவ்வளவு தப்புன்னு புரிஞ்சது, அதான் எழுதுறேன்.

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், அவரு வேல முடிஞ்சு பைக்ல வீட்டுக்கு வந்துட்டு இருந்தாரு. ஒரு வளைவு, வளைவு முடியுற எடத்துல சின்னப் பாலம், அந்தப் பாலத்து மேல ஒரு டிப்பர் லாரி டயர் பஞ்சராகி நின்னுட்டு இருந்திருக்கு, டிரைவரு ஆள் கூட்டிட்டு வரப் போயிட்டாரு, பின்னாடி லைட் ஒண்ணுகூட எரியல. எதிர்ல வந்த பஸ் ஹைபீம் அடிக்க இவருக்குக் கண்ணு கூசி, மறுபடி பார்வ தெளியும்போது லாரி மூஞ்சிக்கு நேரா நிக்குது. தொடையெலும்பு முறிஞ்சு பிளேட் வச்சாங்க, இன்னிக்கும் சம்மணம் போட்டு உக்கார முடியாது.

மறுநாள் காலையில நான் அந்த எடத்துக்குப் போனேன். லாரிக்குப் பின்னாடி எச்சரிக்கைன்னு வச்சிருந்தது ரெண்டு கருங்கல்லும் ஒரு வேப்பங்கிளையும், அதுவும் லாரியில இருந்து பத்தடி தூரத்துல. பின்பக்கம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்துச்சு ஆனா மேல சேறு அப்பிக் காஞ்சுபோயி இருந்துச்சு. விரலால தொடச்சுப் பாத்தேன், அடியில சிவப்பு புதுசு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. ஒரு ஈரத்துணி போதும் சார் அதுக்கு.

ஆஸ்பத்திரியில எங்களப் பாத்தவங்க எல்லாரும் கேட்ட மொத கேள்வி "ஸ்பீடா வந்தாரா?" விசாரிக்க வந்தவங்களும் அதத்தான் கேட்டாங்க. லாரி ஏன் பாலத்து மேல நின்னுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

ஆனா சட்டம் அதத்தான் கேக்குது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 122ஆவது பிரிவே இதுக்குன்னு இருக்கு, பொது எடத்துல மத்தவங்களுக்கு ஆபத்தோ தடையோ வர்ற மாதிரி, இல்ல வர வாய்ப்பிருக்குற மாதிரிகூட, எந்த வண்டியையும் விட்டுட்டுப் போகக்கூடாது, நிக்க விடவும் கூடாது. வாய்ப்பு இருந்தாலே தப்பு, யாராவது வந்து மோதி ரத்தம் சிந்தணும்னு அவசியமே இல்ல. 2017ல வந்த வாகனம் ஓட்டுறதுக்கான ஒழுங்குமுறை விதிகள்ல வளைவு, மேட்டு உச்சி, பாலம், சாலை சந்திப்பு இங்கெல்லாம் பார்க் பண்ணக்கூடாதுன்னு எடம் பேர் சொல்லியே எழுதியிருக்கு. ரோட்டுல நிக்கும்போதும் பார்க்கிங் லைட் எரியணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லுது. அந்த லாரி நின்ன விதத்துல இது எல்லாமே மீறப்பட்டிருக்கு, இருந்தும் கேள்வி எங்க பக்கம் மட்டும் வந்துச்சு.

வளைவுலயும் பாலத்துலயும் ஏன் கூடாதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தா பயமா இருக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல போற பைக் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும், எதிர்ல ஏதோ இருக்குன்னு கண்ணுல பட்டு, புரிஞ்சு, கை பிரேக்க அமுக்குறதுக்குள்ள ஒன்றரை செகண்ட் ஓடிடும், அதுலயே 25 மீட்டர் காலி, பிரேக் பிடிச்ச அப்புறம் நிக்குறதுக்கு இன்னும் 20 மீட்டருக்கு மேல வேணும். பத்தடியில வேப்பங்கிளைய வச்சு யாரைக் காப்பாத்துறது? வளைவுல ஹெட்லைட் வெளிச்சம் நேரா வெளிப்பக்கம் போயிடும், ரோட்டோட சேந்து திரும்பாது. பாலத்துல ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், ஒதுங்கவும் எடம் கெடையாது.

சுப்ரீம் கோர்ட்டு 2018ல இதே மாதிரி ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லியிருக்கு. ராத்திரி நேரம், ரோட்டு நடுவுல இண்டிகேட்டர் லைட் எதுவும் இல்லாம நின்ன கேஸ் டேங்கர் மேல கார் மோதினது. கீழ ஹைகோர்ட்டு பாதித் தப்பு கார் ஓட்டினவர் மேலயும் இருக்குன்னு சொல்லி நஷ்டஈட்டக் கொறச்சது, சுப்ரீம் கோர்ட்டு அத ஏத்துக்கல, டேங்கர அப்படி நிறுத்துனதுதான் காரணம்னு சொல்லிடுச்சு. வக்கீல் ஒருத்தர் இத எங்களுக்கு எடுத்துச் சொன்ன அன்னிக்குத்தான் அக்கா கொஞ்சம் நிமிந்து உக்காந்தா, அது வரைக்கும் தன் புருஷன் மேலதான் தப்போன்னு அவளுக்கே ஒரு உறுத்தல் இருந்திருக்கு.

டிரைவர் அண்ணனுங்க மேல எனக்குக் கோபம் இல்ல. டயர் வெடிச்சா லோடோட எவ்வளவு தூரம் உருட்ட முடியும், தூக்கம் வந்தா ஒதுங்கி நிக்க நெறைய ரோட்டுல ஒழுங்கான எடமே இல்ல. ஆனா இறங்கிப் போகும்போது ஹசார்ட் லைட்ட போட்டுட்டு, முக்கோணப் பலகைய வளைவுக்கு முன்னாடியே கொண்டுபோயி வச்சிட்டு, தேசிய நெடுஞ்சாலைன்னா 1033ங்கிற நெடுஞ்சாலை உதவி நம்பருக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே. எல்லாம் சேத்து அஞ்சு நிமிஷ வேல. வண்டிய எடுத்த பிறகு அந்தக் கல்லையும் ஓரமா தள்ளிட்டுப் போங்கண்ணே, அடுத்து வர்ற டூவீலருக்கு அதுவே எமன்.

போலீஸ் தரப்புலயும் சொல்லணும். வண்டி கேட்பாரில்லாம 10 மணி நேரம் கெடந்தாத்தான் தூக்க முடியும்னு ஒரு பேச்சு இருக்கு, அது பாதிதான் உண்மை. அதே மோட்டார் வாகனச் சட்டம் 127ஆவது பிரிவுல ரெண்டாவது உட்பிரிவப் படிச்சா, ஆளில்லாம நிக்குற வண்டியால போக்குவரத்துக்கு ஆபத்துன்னா உடனே இழுத்துட்டுப் போகச் சொல்லி உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, செலவு வண்டி ஓனரோடது. அபராதத்தப் பாத்தா 201ஆவது பிரிவுல 500 ரூபாய்தான், ஆனா பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 285ஆவது பிரிவுல பொது வழியில ஆபத்து உண்டாக்குனா 5000 ரூபாய் வரைக்கும் போடலாம். ஹெல்மெட்டுக்கு நிறுத்திப் புடிக்குற அதே அக்கறையில ராத்திரி ஒரு ரவுண்டு பாலத்துப் பக்கமும் வளைவுப் பக்கமும் வந்து பாத்தா எத்தன குடும்பம் தப்பிக்கும்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான் சார். இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா, லாரி எங்க நின்னுச்சு, லைட் எரிஞ்சுதா, எவ்வளவு நேரமா அங்க இருந்துச்சுன்னு உங்க நிருபர்கள விசாரிச்சு எழுதச் சொல்லுங்க. எங்க வீட்டு விபத்தப் பத்தி ஒரு பேப்பர்ல நாலு வரி வந்துச்சு, அக்கா அத வெட்டி கேஸ் கட்டுல வச்சிருக்கா. லாரி நின்னுச்சுன்னு இருக்கு, பாலத்து மேலன்னு இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி