பிடிக்கும், வேண்டும், போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூன்று நாளாகப் பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். தம்பி சிகிச்சை முடிந்து வீடு வந்து நாற்பதாம் நாள் மறுபடி ஹெராயினைத் தொட்டுவிட்டான் என்ற செய்தியைவிட, அதற்குக் கீழே நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "எங்களைவிட அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது." இதே வரியைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் என் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு அது பிடிக்கவே இல்லடா, பிடிக்காமப் போய் ரொம்ப நாளாச்சு" என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் போன பிறகு, ஏன் என்று தெரியாமல் இருக்க முடியாமல், கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

நாம் பிடிக்கும் என்று ஒரு சொல்லும் வேண்டும் என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறோம் இல்லையா, மூளையிலும் அவை இரண்டு தனித்தனி வேலைகள். டோபமைன் என்பது இன்பம் தரும் ரசாயனம் என்று நீயும் எங்காவது படித்திருப்பாய், அது அவ்வளவு சரியில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுசாகவே அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் கண்ணெதிரே தீனி இருந்தும் தாமாகப் போய்த் தின்னவில்லை. ஆனால் இனிப்புத் தண்ணீரை வாயில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கை நீட்டி நக்கிச் சுவைத்தன. அதாவது இனிப்பு பிடித்துத்தான் இருந்தது, அதைத் தேடிப் போக வைக்கும் உந்துதல்தான் இல்லை. 1993-ல் அவர்கள் இருவரும் வெளியிட்ட விளக்கம் இதுதான்: போதைப்பொருள் திரும்பத் திரும்ப உள்ளே போகப் போக, 'வேண்டும்' என்று இழுக்கும் பகுதி கூர்மையாகிக்கொண்டே போகிறது, 'பிடிக்கும்' என்ற உணர்வு அதோடு சேர்ந்து வளர்வதில்லை, பலருக்கு மங்கியே போகிறது. போதைக்கு அடிமை என்று சொல்கிறோம், போதை எப்போதோ போய்விட்ட பிறகும் அடிமைத்தனம் இருந்துகொண்டிருக்கிறது. அண்ணன் சொன்னது உண்மை.

ஹெராயின் செய்யும் வேலையைக் கேள். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றை அளவோடு வைத்திருக்கக் காவல்காரர்கள் போல வேறு சில செல்கள் இருக்கின்றன. ஹெராயின் அந்தக் காவல்காரர்களை அடக்கிவிடுகிறது, அப்புறம் டோபமைன் பீறிடுகிறது. கொக்கைனுக்கு வேறு வழி, வெளிவந்த டோபமைன் உள்ளே திரும்பிப் போகும் வாசலை அது அடைத்துக்கொள்கிறது. வழி எதுவானாலும் வந்து சேரும் இடம் மூளையில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சின்னப் பகுதிதான். வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது இதைவிட முக்கியமாக எனக்குப் படுகிறது. விளக்கு எரிந்ததும் பழச்சாறு கிடைக்கும் என்று அவை பழகிய பிறகு, டோபமைன் செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு விளக்குக்குத் துடிக்க ஆரம்பித்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், சாறு வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. தம்பிக்கு ஒரு தெருமுனை, ஒரு ஆளின் குரல், கையில் பணம் வரும் நாள், இவையெல்லாம் அந்த விளக்குதான். நீ பக்கத்தில் நின்றாலும் உன் கண்ணுக்கு அது தெரியாது.

நாற்பது நாள் தாக்குப்பிடித்தவன் ஏன் விழுந்தான் என்று கேட்டிருந்தாய். நாள் ஆக ஆக ஆசை தேய்ந்துவிடும் என்று எல்லோரும் எண்ணுகிறோம், நானும் எண்ணினேன். 2001-ல் எலிகளை வைத்து நடந்த ஆய்வில் தெரியவந்தது நேர்மாறாக இருந்தது. கொக்கைனை நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து, அதை நினைவூட்டும் ஒளியையும் ஓசையையும் காட்டியபோது எலிகள் அதிகமாகத் தேடின. உடம்பின் நடுக்கமும் வலியும் வாந்தியும் அடங்கி, வீட்டில் எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விடும் நாட்களில் உள்ளே இழுப்பு ஏறிக்கொண்டிருக்கலாம். முதல் பத்து நாள் அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தீர்கள், அப்புறம் தேறிவிட்டான் என்று விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது, உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

இனி அவசரமான விஷயம். தயவுசெய்து இதை இரண்டு தடவை படி.

ஹெராயின் மூச்சை மெதுவாக்கும். தொடர்ந்து எடுப்பவரின் உடம்பு அதைத் தாங்கப் பழகிவிடும், நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி சில வாரங்களிலேயே போய்விடும். ஆனால் பழைய அளவு மட்டும் கைக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் இறந்தது அப்படித்தான். சிகிச்சை முடிந்து வந்த ஆறாவது வாரம், வழக்கமாக எடுக்கும் அளவுதான், ஒரு நண்பரின் அறையில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருள் மிஞ்சிப் போய் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1982-ல் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளர் எலிகளை ஓர் அறையில் வைத்து ஹெராயினுக்குப் பழக்கி, கடைசியில் ஒரு பெரிய அளவைக் கொடுத்தார். பழகிய அதே அறையில் கொடுத்தபோது 32 சதவீதம் இறந்தன, பழகாத அறையில் 64 சதவீதம். உடம்பு இடத்தைப் பார்த்தே தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது, இடம் புதிதானால் ஏமாந்துபோகிறது. அண்ணன் அதற்கு முன்னால் அந்த அறைக்குப் போனதே இல்லை.

அதனால் இப்போது அவனைக் கேள்வி கேட்டுத் துளைக்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, தனியாக அறையைப் பூட்டிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளாதே. நாலாக்சோன் என்ற மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு எப்படியாவது வீட்டில் வாங்கி வை. செல்களின் மேல் ஹெராயின் வந்து உட்காரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். நாலாக்சோன் அந்த ஏற்பிகளிலிருந்து ஹெராயினைத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டிருக்கும் மூச்சைச் சில நிமிடங்களில் திரும்பக் கொண்டுவரும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதற்குப் பிறகும் இருக்கலாம். எனவே மருந்து கொடுத்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் பூப்ரினார்ஃபின் மருந்தை மூன்றே வாரத்தில் நிறுத்தச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதியிருந்தாய், 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா' என்று உன் அம்மா கேட்டார்கள் என்றும். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. பூப்ரினார்ஃபின் ஹெராயின் உட்காரும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது, ஆனால் அதை அரைகுறையாகத்தான் தூண்டுகிறது, ஒரு அளவுக்கு மேல் தூண்டுதல் ஏறாது, எளிதில் இறங்கவும் இறங்காது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்த மூளைக்குச் சமதரை கிடைக்கிறது. மெத்தடோன் என்ற இன்னொரு மருந்தும் 1965-லிருந்தே இதே எண்ணத்தில் கொடுக்கப்பட்டு வருகிறது. இந்த மருந்துகளில் இருக்கும் வரை இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே போகிறது, நிறுத்தியவுடன் வரும் வாரங்கள்தான் மறுபடி ஆபத்து. சர்க்கரை நோய்க்காரரிடம் மூன்று வாரத்தில் இன்சுலினை நிறுத்து என்று நாம் சொல்வோமா? அவன் சம்மதித்தால் நாளைக்கே மறுபடி மருத்துவரிடம் கூட்டிப் போ.

அடுத்து நீ கேட்டது, இது ரத்தத்தில் வருவதா, அப்பா குடித்தார், தம்பி இப்படி ஆகிவிட்டான், என் மகனுக்கு 16 வயது என்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் இரு கருவில் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், குடிநோய் வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணுவால் என்று தெரிகிறது. மற்றப் பொருள்களுக்கு அது 40-லிருந்து 70 சதவீதம் வரை போகிறது. பாதி என்றால் உன் மகனுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று படித்துவிடாதே, மக்கள் கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு அது, ஒரு பையனின் ஜாதகத்தை அது சொல்லாது. 1990-ல் குடிநோய்க்கான மரபணு கிடைத்துவிட்டது என்று பெரிய பரபரப்பு எழுந்தது, பின்னால் அது நிற்கவில்லை. 2019-ல் 12 லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வில் புகையோடோ குடியோடோ தொடர்புள்ள 400-க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது துளியளவு.

நன்றாகத் தெரிந்த இரண்டு மரபணுக்களை எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டுமே பிடிக்கும், வேண்டும் என்பதைவிட நம் மூன்றாவது சொல்லான 'போதும்' என்பதில்தான் கை வைக்கின்றன. 15-ஆம் குரோமோசோமில் நிகோடின் ஏற்பி ஒன்றுக்கான மரபணு இருக்கிறது. அதில் ஒரு மாற்றம் இருப்பவர்கள் சராசரியாக அதிக சிகரெட் பிடிக்கிறார்கள், நிகோடின் மிஞ்சும்போது மூளை காட்டும் வெறுப்பு அவர்களுக்கு மந்தமாக இருப்பதுதான் காரணம் என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றொன்று கிழக்காசியர்களில் பலருக்கு இருப்பது. சாராயம் உடம்பில் சிதையும்போது உண்டாகும் நச்சுப் பொருளை அவர்களால் வேகமாக வெளியேற்ற முடியாது, ஒரு கோப்பைக்கே முகம் சிவந்து குமட்டும். அதனால் அவர்களில் குடிநோய் குறைவு. ஆனால் இதையும் கவனி: ஜப்பானில் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் இந்தக் காப்பு மரபணுவின் ஒரு பிரதி இருந்தவர்கள் 1979-ல் 2.5 சதவீதம், 1992-ல் 13 சதவீதம். 13 வருஷத்தில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது, அவர்களைச் சுற்றி இருந்த குடிப்பழக்கம்தான் மாறியது.

மகனிடம் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசு. தாத்தாவைப் பற்றிச் சொல், சித்தப்பாவைப் பற்றிச் சொல், நம் குடும்பத்தில் 'போதும்' என்ற மணி சிலருக்கு லேசாகத்தான் அடிக்கிறது என்று சொல். நிதானிக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது, அதற்குள் ஆரம்பிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், எனவே தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு லாபம். பயமுறுத்தாதே, அவன் சித்தப்பாவை வெறுக்கும்படியும் பேசாதே. பயந்து பயந்து மறைத்த வீடு எங்களுடையது, அண்ணனுக்கு என்ன நோய் என்று என் பிள்ளைகளுக்கு அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், போதைக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல் வைத்தார்கள், ஒன்றை அழுத்தினால் போதைமருந்து, மற்றதை அழுத்தினால் ஒரு கதவு திறந்து இன்னொரு எலியோடு ஒரு நிமிடம் இருக்கலாம். கிட்டத்தட்ட எல்லாமே துணையைத்தான் தேர்ந்தெடுத்தன. ஆனால் அந்தக் கதவைத் தாமதமாகத் திறந்தபோது, அல்லது திறக்கும்போது ஷாக் கொடுத்தபோது, மருந்துக்குத் திரும்பின. இதைப் படித்த அன்று, அண்ணன் கடைசி மாதம் மூன்று தடவை போன் செய்ததும் நான் எடுக்காமல் விட்டதும் ஞாபகம் வந்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பியிடம் என் நம்பரைக் கொடு. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம் என்று சொல், நான் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிடுகிறேன், அதற்குள் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு. அம்மாவிடம் மருந்தைப் பற்றி நானே பேச வேண்டும் என்றால் அதற்கும் தயார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்