ஃபெரிட்டினையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய ஆயுதப் படை ஒன்றில் 20 ஆண்டு காவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2021-இல் ராணுவக் காவல் பிரிவில் பெண் சிப்பாய்கள் சேர்ந்த செய்தியைப் பார்த்து வீட்டிலேயே கை தட்டினேன். அப்புறம் பழைய நினைப்பு வந்துவிட்டது.

எனக்கு மாதவிடாய் 7 நாள் நீளும். லாரியில் போனால் எட்டு மணி நேரம் இறங்க இடம் இருக்காது. இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். காலை ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் ‘சோம்பேறி’ என்பார்கள். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4, பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை நான் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்! டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பு கரைந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. படைகளில் ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பெண்களுக்கு அதையும் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் போகிறது, எத்தனை நாப்கின் ஆகிறது என்று கேட்க ஒரு பெண் மருத்துவரும் வேண்டும். ஆண் மருத்துவரிடம் நான் கடைசிவரை ‘தலைவலி’ என்றுதான் சொல்லிவந்தேன்.

ஓய்வுபெற்ற பெண் காவலர்,
தென்காசி.