பக்கிங்ஹாம் கால்வாயில பாய்க்கும் கொஞ்சம் வழி விடுங்க சார்

தேசிய நீர்வழி 4-ஐ பாத்துக்குற அதிகாரிகளுக்கும், நம்ம நீர்வளத்துறைக்கும் வணக்கம்.

2008ல பக்கிங்ஹாம் கால்வாய தேசிய நீர்வழியில சேத்தாங்க, அப்பலேருந்து பேச்சு பூரா சரக்கு பார்ஜ், டன் கணக்கு, தூர் வாருற செலவுதான். பார்ஜ் ஓடணும்னா ஆழம் வேணும், அகலம் வேணும், தாழ்வா இருக்குற பாலத்த எல்லாம் இடிச்சு கட்டணும், அதுக்கு ஆகுற காச நெனச்சாலே ஃபைல் மூடிடுது. நான் பார்ஜ் கேக்கல. முட்டுக்காட்டுலேருந்து மரக்காணம் வரைக்கும் சின்ன பாய்மரப் படகு போய் வர்ற மாதிரி வழி பண்ணிக் குடுங்க, அவ்ளோதான். படகு அடியில தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற நடுப்பலகைய தூக்கிட்டா இந்தப் படகுக்கு முழங்கால் தண்ணி போதும் சார்.

இந்தக் கால்வாயோட அழகே அதோட திசைதான். கடலுக்குப் பக்கத்துலயே வடக்கு தெக்கா ஓடுது, மத்தியானம் ஆனா கடல்காத்து கிழக்கேருந்து ஏறுது, அதனால காத்து எப்பவும் படகுக்கு பக்கவாட்டுல விழும். தெக்க போறதுக்கும் அதே காத்து, திரும்பி வடக்க வர்றதுக்கும் அதே காத்து. அலை கிடையாது, பெட்ரோல் கிடையாது. பாய் ஓட்டத் தெரிஞ்சவங்கள கேட்டுப் பாருங்க, இதவிட சுகமான காத்து இல்லம்பாங்க.

புதுசா ஒண்ணும் கேக்கல. 1806ல காக்ரேன்னு ஒரு வெள்ளக்காரர் சென்னையிலேருந்து எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பிச்சது, அப்புறம் 1876-78 பஞ்சத்துல கூலிக்கு வந்த சனங்க மண்ணு சுமந்து கூவத்தையும் அடையாத்தையும் இணைச்சாங்க, பேர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாமுக்குப் போச்சு (அது எப்பவும் அப்படித்தானே). உப்பு, விறகு, நெல்லு எல்லாம் தோணியிலதான் வந்துச்சு. காத்து இருந்தா பாய், இல்லன்னா கழி, அதுவும் ஆகலன்னா கரையில நடந்து கயிறு கட்டி இழுக்குறது. 1965, 66 புயல்ல அடி வாங்குனதுக்கு அப்புறம் கால்வாய் மொத்தமா படுத்துடுச்சு.

சிட்டிக்குள்ள கேக்க மாட்டேன், பறக்கும் ரயில் தூண் எல்லாம் தண்ணிக்குள்ளயே நிக்குது, அது முடிஞ்ச கதை. ஆனா தெக்க இன்னும் உயிர் இருக்கு. அங்க பிரச்சனை தண்ணி இல்ல, தலைக்கு மேல இருக்குறதுதான். நாங்க படகுல போனப்ப ஒரு சின்ன ரோட்டுப் பாலம், பாய்மரத்த கழட்டி படகுல கிடத்திட்டு நாங்களும் குனிஞ்சுக்கிட்டே போனோம், சரி அதுகூட பரவால்ல. கரண்ட் கம்பிதான் பயம். அலுமினியப் பாய்மரம் கம்பியில பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. எந்தக் கம்பி எவ்ளோ உயரம்னு ஒரு போர்டு கூட கண்ணுல படல.

நேத்ரா குமணன் மாதிரி ஒலிம்பிக் வரைக்கும் போன பாய்மர வீராங்கனை நம்ம சென்னைதான். ஆனா ஒரு கோவளத்துப் பையனோ சதுரங்கப்பட்டினத்துப் பொண்ணோ பாய் பிடிச்சுப் பழகணும்னா சுலபமா இடம் கிடைக்குறதில்ல, வீட்டுக்குப் பின்னாடியே கால்வாய் ஓடியும்.

அதனால முதல்ல முட்டுக்காடு - மாமல்லபுரம் மட்டும் எடுங்க, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்தான். பாலத்து உயரம், கம்பி உயரம், ஆழம் மூணையும் அளந்து ஒரு மேப் போடுங்க, இனிமே கட்டுற பாலத்த கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க. மோட்டார் படகுக்கு இதே வழிய திறந்து விட்டுடாதீங்க, தயவு செஞ்சு. பின்னாடி மரக்காணம் தாண்டி கழுவெளி ஏரி வரைக்கும் நீட்டுனாலும் அது 2021லேருந்து பறவை சரணாலயம், அங்க எதுவரைக்கும் போலாம்னு வனத்துறைதான் சொல்லணும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் படகே விடாதீங்க, அப்ப அது வெள்ளம் வடியுற வாய்க்கா. அளக்குற வேலைய கோடையில வெச்சுக்கங்க, தண்ணி குறைஞ்சு மணல்திட்டு எல்லாம் வெளிய தெரியும், படகும் ஆளும் நாங்களே தர்றோம்.