விரிப்புக்கு அடியில் இருப்பது

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் செயற்கைப் புல்லால் ஒரு பட்டிங் கிரீன், அதாவது கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் தளம், அமைக்கப் போவதாகவும், புல்லைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, இனி விரிக்க வேண்டியதுதான் பாக்கி என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. இந்த வேலையில் புல்லை விரிப்பது மிகச் சிறிய பங்கு. பந்து எப்படி ஓடும் என்பதை முடிவு செய்வது அதற்கு அடியில் கண்ணில் படாமல் கிடக்கும் கல்லும் தூளும்தான்.

நான் முதன்முறை அமைத்தபோது இதைத்தான் தவறவிட்டேன். தரையைத் தோண்டி, ஜல்லியை முழுவதுமாக ஒரே தடவையில் கொட்டி, மேலே மட்டும் கெட்டித்துவிட்டுப் புல்லை ஒட்டினேன். பார்ப்பதற்குப் பழுதில்லாமல்தான் இருந்தது. மழைக்காலம் ஒன்று கடந்ததும், குழியிலிருந்து 6 அடி தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. நேராக அடித்த பந்து அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி இடப்பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய, ஒட்டிய விரிப்பைப் பாதிக்கு மேல் உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. அந்த உழைப்பு உனக்கு வேண்டாம் அம்மா.

முதலில், தோண்டும் இடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று தெரிந்துகொள். பிறகு புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் நீக்கி, 4 முதல் 6 அங்குல ஆழம் வரை எடுத்துவிடு. மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தால் ஜல்லி மண்ணுக்குள் புதையாது. அதற்கு மேல், பொடியும் சிறு கல்லும் கலந்த ஜல்லியை 3 அல்லது 4 அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். ஆனால் ஒரு தடவைக்கு 2 அங்குலத்துக்கு மேல் போடாதே. ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து, இயந்திரத்தால் திமிசு போட்ட பிறகே அடுத்த அடுக்கைப் போடு. கனமாகக் கொட்டினால் இயந்திரத்தின் அழுத்தம் அடிவரை இறங்காது. மேலே கல்லைப் போல இறுகியிருக்கும், கீழே பொலபொலவென்றே கிடக்கும். எனக்கு நேர்ந்தது அதுதான். கடைசியாக ஓர் அங்குலம் கல்தூளைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மறுபடியும் கெட்டித்துவிடு.

தண்ணீர் வடிய 10 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம் வாட்டம் போதும், அதுவும் வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. மேடும் பள்ளமும் வேண்டும் என்ற ஆசை உனக்கு வரும், தெரியும். ஒரு மென்மையான ஏற்றம் வைத்துக்கொள், குழியைச் சுற்றி மட்டும் நிலம் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். விதிப்படி குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். குழிக்குள் வைக்கும் குவளையைக் கான்கிரீட்டில் பதிக்கும்போது அதன் வாய் கல்தூள் மட்டத்துக்கு மேல் மயிரிழையும் எழும்பக் கூடாது. எழும்பினால் விளிம்பில் புல் தூக்கிக்கொண்டு, மெதுவாக வரும் பந்தைத் தள்ளிவிடும்.

இனி விரிப்பு. சுருளாக வந்ததை வெயிலில் சிறிது நேரம் பரப்பி வை; சுருக்கங்கள் தாமாகவே தளரும். இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வோடு போகும் பந்து வேகமாகவும் எதிர்த்துப் போவது மெதுவாகவும் ஓடும். ஆகவே இரண்டு துண்டுகளை இணைக்க நேர்ந்தால் இரண்டின் சாய்வும் ஒரே திசையில் இருக்க வேண்டும். முடிந்தவரை இணைப்பே இல்லாத அளவுக்கு அகலமான சுருளாக வாங்கு. தவிர்க்க முடியாவிட்டால், இழைகள் அறுபடாதபடி பின்புறத்திலிருந்து வெட்டி, அடியில் நாடா வைத்துப் பசையிட்டு ஒட்டிய பின், கண்ணை மூடிக்கொண்டு விரலின் பின்புறத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டிப் பார். விரலுக்குத் தட்டுப்பட்டால் பந்துக்கும் தட்டுப்படும்.

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன புல்லாக இருந்தால், இழைகள் நிமிர்ந்து நிற்க உலர்ந்த சிலிக்கா மணலை மெல்லிய பூச்சாகப் பல தடவை தூவி, ஒவ்வொரு தடவையும் துடைப்பத்தால் சாய்வுக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். நைலான் பெரும்பாலும் தானாகவே நிற்கும். மணலும் உருளை அழுத்தமும் கூடக் கூட, பந்தின் வேகமும் கூடும். இந்த வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர், 1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் உருவாக்கியது. சரிவான ஒரு பள்ளக்கோலிலிருந்து பந்தை உருட்டிவிட்டு, அது எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று பார்ப்பதுதான் முறை. வீட்டுப் பயிற்சிக்கு 9 அல்லது 10 அடி போதுமானது என்பது என் எண்ணம். எதிரெதிர்த் திசைகளில் உருட்டிச் சராசரி எடு.

வெயில் நேரத்தில் செயற்கைப் புல் நிஜப் புல்லைவிடக் கடுமையாகச் சூடேறும், வெறுங்காலோடு குழந்தைகளை விடாதே. இன்னொன்று: வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள சன்னல் கண்ணாடியிலிருந்து எதிரொளிக்கும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் இழைகள் உருகிவிடும். அமைக்கும் முன், பகல் முழுவதும் அந்த ஒளி எங்கே விழுகிறது என்று ஒருநாள் கவனித்துப் பார்.

கல்தூள் இறுகியதும், புல்லை விரிப்பதற்கு முன்பே, அந்த வெற்றுத் தளத்தின் மேல் நான்கு பக்கமிருந்தும் பந்தை உருட்டிப் பார். எங்கே விலகுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. சிறு பள்ளத்துக்கும் அப்போது நிழல் விழும். நான் பார்த்துப் பதில் எழுதும் வரை பசை டப்பாவைத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா