ரோட்ஸ் கோட்டைக்குள் பாதி ஊரைக் காட்டாமல் திரும்பாதீர்கள்

மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாக்களுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும், அந்தக் குழுக்களோடு போகும் தமிழ் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். உங்கள் பயணத் திட்டங்களில் "கிரேக்கத் தீவுகள்" என்ற தலைப்பின் கீழ் ரோட்ஸ் நகரத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த அரை நாள் எப்படிப் போகிறது என்பதைக் குழுவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பிறகு தனியாகவும் போய், கோட்டைக்குள் இருக்கும் ஒரு சின்ன விடுதியில் தங்கி நடந்து பார்த்தேன். மந்த்ராக்கி துறைமுகத்தில் மான் சிலைகளுக்கு முன்னால் ஒரு படம், மாவீரர் தெருவில் ஒரு நடை, கிராண்ட் மாஸ்டர் அரண்மனை, சாக்ரடீஸ் தெருக் கடைகள், அப்புறம் கப்பல். இதில் அந்த நகரத்தின் பாதி இல்லை. விட்டுப்போன பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த மான்கள். துறைமுக வாயிலின் இரு பக்கமும் இரண்டு தூண்கள், மேலே ஒரு கலைமான், ஒரு பெண்மான். கொலோசஸ் சிலை இங்கே ஒரு காலும் அங்கே ஒரு காலும் வைத்து நின்றது, கப்பல்கள் அதன் காலுக்கு நடுவே போய்வந்தன என்றுதான் எங்கள் குழுவுக்குச் சொன்னார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். லிண்டோஸ்காரரான காரெஸ் என்ற சிற்பி வார்த்த, ஏறத்தாழ 33 மீட்டர் உயர வெண்கலச் சிலை ஒன்று இந்த ஊரில் இருந்தது உண்மை. கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் அது முறிந்து விழுந்ததும் உண்மை. ஆனால் கால் அகட்டி நின்றது பிற்காலத்தார் கட்டிய கதை. அது நின்ற இடமே இன்னும் உறுதியாகவில்லை. இல்லாத சிலைக்கு இவ்வளவு நேரம் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் மதிலுக்கு நேரமில்லை என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மதிலை இப்போது பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் புனித யோவான் சபை வீரர்கள். ஜெருசலேமுக்கு வரும் யாத்ரீகர்களுக்கு மருத்துவமனை நடத்துவதற்காகத் தொடங்கிய துறவியர் சபை அது, பின்னால் வாளும் எடுத்தது. 1291இல் புனித நாட்டில் சிலுவைப் போராளிகள் வசமிருந்த ஆக்ரே கோட்டை வீழ்ந்ததும் சைப்ரஸில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து வந்து, சில ஆண்டுகள் போரிட்டு, 1309இல் ரோட்ஸைத் தங்கள் தலைமையிடமாக்கிக் கொண்டார்கள். யாரிடமிருந்து பிடித்தார்கள் என்பதை வழிகாட்டிகள் சொல்வதில்லை. பைசாந்தியப் பேரரசுக்கு உட்பட்ட, ஏற்கெனவே மதில் சூழ்ந்த கிரேக்க ஊர் இது. கிறிஸ்தவர்கள்தான் கிறிஸ்தவர்களிடமிருந்து பிடித்தார்கள்.

சபைக்காரர்கள் தங்களைத் தாய்நிலம், மொழி பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். ப்ரொவான்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, இங்கிலாந்து, ஜெர்மனி, அரகான் என்று ஏழு பிரிவு, பிறகு காஸ்டீல் தனியாகப் பிரிந்து எட்டு. மதிலையும் பாகம் பாகமாகப் பங்கிட்டு, இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இன்னார் காவல் என்று வைத்திருந்தார்கள். வெளியே அகழிக்குள் இறங்கி நடந்தால் இது நன்றாகப் புரியும். அது தண்ணீர் நிற்காத வெற்று அகழி, இன்று மரமும் புல்லுமாக இருக்கிறது. கட்டணமும் கிடையாது. வழி நெடுக, பீரங்கியில் வைத்துச் சுட்ட கல் குண்டுகள் கிடக்கின்றன. சிலவற்றை ஒரு ஆள் இரு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாது. நிமிர்ந்து பார்த்தால் மதிலில் கிராண்ட் மாஸ்டர்கள் எனப்பட்ட சபைத் தலைவர்களின் சின்னங்கள் பதித்திருப்பது தெரியும். எந்தப் பகுதியை எந்தக் காலத்தில் தடிமனாக்கினார்கள் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தடிமனாக்க வேண்டி வந்ததற்குக் காரணம் பீரங்கிதான். 1480இல் மெசிஹ் பாஷா தலைமையில் துருக்கிய சுல்தானின் ஒட்டோமான் படை வந்து முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே பெரிய நிலநடுக்கம். சபைத் தலைவர் பியேர் தொபுசோனும் அவருக்குப் பின் வந்தவர்களும் உயரச் சுவர்களைக் கைவிட்டு, பீரங்கிக் குண்டைத் தாங்கும் பருமனான சுவர்களையும் முன்தள்ளிய கொத்தளங்களையும் கட்டினார்கள். 1512இல் முடிந்த அம்புவாஸ் வாயிலில் நுழைந்தால் பாதை திரும்பித் திரும்பிப் போகும், எதிரி நேராக ஓடிவர முடியாது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வாயில் போதும், கோட்டை என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

1522 கோடையில் சுல்தான் சுலைமானே நேரில் வந்தார். முற்றுகை ஆறு மாதம் நீண்டது. மதிலைக் குண்டு போட்டு உடைப்பதோடு, அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் வேலையும் நடந்தது. உள்ளே இருந்த கப்ரியேலே தாதினி என்ற இத்தாலியப் பொறியாளர் அதற்கு ஒரு வழி கண்டார். இழுத்துக் கட்டிய தோலில் சின்னச் சின்ன மணிகளைக் கோத்து, நிலத்தடியில் அங்கங்கே வைத்தார். எங்காவது கடப்பாறை விழுந்தால் தோல் அதிரும், மணி ஒலிக்கும். அந்தப் பக்கம் எதிர்ச்சுரங்கம் தோண்டிப் போய்த் தடுப்பார்கள். இதைச் சொன்னால் பேருந்தில் தூங்குகிறவர்கூட விழித்துக் கேட்பார், நீங்கள் ஏன் சொல்வதில்லை? கடைசியில் ஊருக்குள் வெடிமருந்தும் இல்லை, ஆளும் இல்லை. உடன்படிக்கை செய்துகொண்டு, 1523 ஜனவரி 1 அன்று சபையார் கப்பலேறினார்கள். சில ஆண்டுகள் கழித்து மால்டா அவர்களுக்குக் கிடைத்தது.

உங்கள் கதை இங்கே நின்றுவிடுகிறது. "அதன் பிறகு துருக்கியர் வந்தார்கள்" என்ற ஒரு வாக்கியத்தில் 1522 முதல் இத்தாலியர் தீவைப் பிடித்த 1912 வரை, 390 ஆண்டுகள் போய்விடுகின்றன. சபையார் இருந்தது 213 ஆண்டுகள்தான்.

அந்த 390 ஆண்டுகளில் ஊரே இடம் மாறியது. கிரேக்கர்கள் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்றாயிற்று. பகலில் உள்ளே வந்து வியாபாரம் செய்யலாம், பொழுது சாய்ந்தால் வாயிலுக்கு வெளியே போய்விட வேண்டும். அப்படி வெளியே போனவர்கள் மதிலுக்கு அப்பால் அமைத்த குடியிருப்புகள்தான் இன்றைய புது ஊரின் பல பகுதிகள். உள்ளே முஸ்லிம்களும் யூதர்களும் இருந்தார்கள். தேவாலயங்கள் பள்ளிவாசல்கள் ஆயின. சாக்ரடீஸ் தெருவின் மேல்முனையில் இளஞ்சிவப்பாக நிற்கும் சுலைமானியா பள்ளிவாசலையும், அதற்கு எதிரே 1793இல் ஹாஃபிஸ் அகமது ஆகா நிறுவிய நூலகத்தையும் கடந்துதான் எல்லாக் குழுக்களும் அரண்மனைக்குப் போகின்றன. எங்களுக்கு அவற்றின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது இந்தத் தீவு இத்தாலியர் கையில் இருந்ததால், இங்கிருந்த முஸ்லிம்கள் பெயர்த்து அனுப்பப்படவில்லை. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ரோட்ஸில் வாழ்கிறார்கள். "துருக்கியர் காலம்" என்று முடிந்துபோன ஒன்றாகப் பேசும்போது, பக்கத்துக் கடைக்காரர் காதிலும் அது விழலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்கு வருகிறேன். "எழுநூறு ஆண்டு பழைய அரண்மனை" என்கிறீர்கள். அடித்தளமும் கீழ்ப்பகுதியும் பழையவை, சரி. ஆனால் 1856இல் பக்கத்திலிருந்த யோவான் தேவாலயத்தின் அடியில், எப்போதோ வைத்து மறந்துபோன வெடிமருந்தில் இடி விழுந்தது. தேவாலயம் தூள், அரண்மனையிலும் பெரும் சேதம், சுற்றியிருந்த வீடுகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இப்போது நாம் வாய்பிளந்து பார்க்கும் மாளிகை, இத்தாலியர்கள் 1937க்கும் 1940க்கும் நடுவில் முசோலினி ஆட்சியின் பெருமைக்காக எழுப்பியது. தரையில் இருக்கும் மொசைக்குகள் பக்கத்துத் தீவான கோஸிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தவை. மாவீரர் தெருவையும் அவர்கள்தான் "சுத்தம்" செய்தார்கள். ஒட்டோமான் காலத்து மர மாடங்களைக் கழற்றிவிட்டு, பதினைந்தாம் நூற்றாண்டுத் தெரு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் நினைத்தார்களோ அப்படி ஆக்கினார்கள். அழகான தெருதான், நானும் பலமுறை நடந்தேன். ஆனால் இது யார் எப்போது விரும்பிச் செய்த அழகு என்பதைப் பயணிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தெருவின் கீழ்முனையில் பழைய மருத்துவமனை இருக்கிறது, இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். 1440இல் தொடங்கி 1489இல் முடித்தது. மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடத்தை மட்டுமாவது காட்டுங்கள். நம் ஊரில் முதலுதவிச் சான்றிதழுக்காக செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்புக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பெயரும் எட்டு முனை வெள்ளைச் சிலுவையும் இந்தச் சபையிடமிருந்து வந்தவைதான்.

இனி, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம்.

கோட்டையின் கிழக்கு மூலையில் யூதர் தெரு இருக்கிறது. ஹூதெரியா என்பார்கள். 1480 முற்றுகையில் கடைசித் தாக்குதல் இந்தப் பகுதியின் மதில்மேல்தான் விழுந்தது. இங்கிருந்த யூதர்களும் அந்தப் பாதுகாப்பில் தோள் கொடுத்தார்கள். 1502இல் அதே தொபுசோன், மதம் மாறுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள் என்று ஆணையிட்டார். ஒட்டோமான்கள் ஊரைப் பிடித்த பிறகுதான் மறுபடி யூதர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களில் பலர் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள். லதீனோ என்ற பழைய ஸ்பானிய மொழியை நானூறு ஆண்டுகள் இந்தச் சந்துகளில் பேசினார்கள். 1577இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக் கூடம் இன்னும் இருக்கிறது, கிரேக்கத்தில் எஞ்சியிருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைக் குத்துவாட்டில் நெருக்கிப் பதித்த தரை. பெண்கள் அமர்ந்து தொழுத பக்கத்து அறைகளில் இப்போது ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். திருமணப் படங்கள், பள்ளிப் படங்கள், அடுக்களைப் பாத்திரங்கள், உடைகள்.

1920களில் இங்கே ஏறத்தாழ 4,000 யூதர்கள் இருந்தார்கள். பிழைப்புத் தேடி ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் உண்டு. 1938இல் இத்தாலி இனச் சட்டங்களைக் கொண்டுவந்ததும் இன்னும் பலர் கிளம்பினார்கள். 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் தீவைப் பிடித்தார்கள். 1944 ஜூலையில் முதலில் ஆண்களை வரச் சொன்னார்கள், பிறகு பெண்களையும் குழந்தைகளையும். ஜூலை 23 அன்று துறைமுகத்துக்கு நடத்திப்போய்ச் சரக்குப் படகுகளில் ஏற்றினார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ், ஹைதாரி முகாம், பிறகு ரயில். ஆகஸ்ட் 16 அன்று நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸ். ஏறத்தாழ 1,700 பேர் போனார்கள், மிஞ்சியவர்கள் சுமார் 150 பேர். அப்போது அங்கே துருக்கியத் தூதரக அதிகாரியாக இருந்த செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களை மணந்தவர்கள் என்று வாதாடி நாற்பது பேருக்கு மேல் மீட்டார்.

கடல்குதிரைகள் உள்ள ஒரு நீரூற்றைச் சுற்றி உணவகங்கள் இருக்கும் சதுக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும், எங்கள் குழுவும் அங்கே உட்கார்ந்து குளிர்பானம் குடித்தது. யூதத் தியாகிகள் சதுக்கம் என்பதுதான் அதன் பெயர். சில அடி தள்ளி மரநிழலில், பல மொழிகளில் எழுத்து வெட்டிய கறுப்புக் கல் தூண் நிற்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. அங்கே எங்களோடு எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தார்கள். சொல்லியிருந்தால் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள்.

இதற்குக் கூடுதல் நேரம் வேண்டியதில்லை என்பதுதான் விஷயம். கப்பல்கள் கட்டும் துறையிலிருந்து மந்த்ராக்கிக்குப் போகாமல், பக்கத்திலேயே இருக்கும் மாதா வாயில் வழியாக நுழையுங்கள். நுழைந்ததும் கூரையில்லாமல் நிற்கும் கோதிக் தேவாலயம், அதன் நடுவிலேயே சாலை போகிறது. அடுத்து அந்தச் சதுக்கம், நினைவுத் தூண், இரண்டு சந்து தள்ளித் தொழுகைக் கூடம். சனிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை, கிளம்புமுன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாக்ரடீஸ் தெரு வழியாக மேலே ஏறினால் பள்ளிவாசல், நூலகம், அரண்மனை. பிறகு மாவீரர் தெரு இறக்கம்தான், முதியவர்களுக்கும் சிரமமில்லை. மருத்துவமனையில் முடித்து, கடல் வாயில் வழியாக வெளியே வந்தால் கப்பல் எதிரே நிற்கும். கடை நேரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அகழி நடை வேண்டுமென்றால் ஒரு முழு நாள் தேவை. அதற்கு ஒத்துக்கொள்ளும் குழுக்கள் அமைந்தால் கட்டாயம் கொடுங்கள்.

அச்சடித்துக் கொடுக்கும் பயணக் குறிப்பில் மூன்று திருத்தங்கள் செய்துவிடுங்கள்: கொலோசஸ் கால் அகட்டி நிற்கும் படத்தை எடுத்துவிடுங்கள், அரண்மனைக்கு நேரே 1940 என்ற ஆண்டையும் போடுங்கள், 1944 ஜூலை 23 என்ற தேதியைச் சேருங்கள். வரும் ஏப்ரலில் பருவம் தொடங்குமுன் இதைச் செய்ய நினைக்கும் எந்த ஏற்பாட்டாளருக்கும், தெருத் தெருவாக வழியும் ஒவ்வொரு இடத்திலும் சொல்ல வேண்டியதும் தமிழில் எழுதித் தர நான் தயார். காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் குழுவில் வந்த ஒரு பயணி